நூறு முடிச்சு போட்டுப் பாருங்கள்



கோடை விடுமுறையில் நம் மொட்டை மாடிப் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். துணி காயப்போடும் கொடி முழுவதும் பனியன்கள். நீலம், மஞ்சள், செம்மஞ்சள் என்று சுழல் சுழலாக நிறங்கள். குழந்தைகள் முகாமில் பிள்ளைகள் தாங்களே கட்டி, தாங்களே சாயம் போட்டவை. அன்று மாடியில் இரண்டு பேச்சுகள் என் காதில் விழுந்தன. ஒன்று: "இதெல்லாம் அமெரிக்காவுல ஹிப்பிகள் கண்டுபிடிச்சது." இன்னொன்று: "இதே டிசைன் கடையில பிரின்ட் போட்டே கிடைக்குது. எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேச்சுக்கும் பதில். முதலாவதுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு போதும். இரண்டாவதுக்கு வரலாறு மட்டும் போதாது. கடைசியில் உங்களையும் கொஞ்சம் வேலை செய்யச் சொல்லப்போகிறேன்.

கட்டு, தோய், அவிழ்

'டை அண்ட் டை' என்று தமிழில் எழுதினால் இரண்டு டையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே கட்டு, தோய் என்று பிரித்துச் சொல்லிக்கொள்வோம். துணியில் ஓர் இடத்தைக் கிள்ளியெடுத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறோம். அப்படியே சாயத்தில் தோய்க்கிறோம். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் நுழையாது. காய்ந்தபின் அவிழ்த்தால், கட்டிய இடம் பழைய நிறத்திலேயே ஒரு வளையமாகவோ புள்ளியாகவோ நிற்கும்.

இரண்டு நிறம் வேண்டுமென்றால் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகவேண்டும். வெள்ளைத் துணியில் முதலில் சில முடிச்சுகளைப் போட்டு மஞ்சளில் தோய்ப்பார்கள். மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களில் மேலும் முடிச்சு போட்டுச் சிவப்பில் தோய்ப்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அவிழ்த்தால் சிவப்புத் தரையில் வெள்ளைப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் தெரியும். எந்தப் புள்ளி எந்த நிறத்தில் வரும் என்பதை, எதுவும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே கட்டுகிறவர் மனத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இந்த யோசனை ஒரே ஊரில் பிறந்து உலகம் முழுவதும் பரவியதாகச் சொல்ல முடியாது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், இன்கா அரசுக்கு முன்பே வாழ்ந்த வாரி மக்களின் முடிச்சுச் சாயத் துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஜப்பானின் நாரா நகரில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுத் துணிகள் பாதுகாக்கப்படுகின்றன. கட்டுச் சாயம், மெழுகுச் சாயம், பலகையில் இறுக்கிப் போடும் சாயம் ஆகிய மூன்றும் அவற்றில் உண்டு. நைஜீரியாவின் அபெயோகுட்டா நகரில் யொரூபாப் பெண்கள் நீலச்சாயத்தில் தோய்க்கும் 'அடிரே' துணி புகழ்பெற்றது. துணியும் நூலும் சாயமும் இருந்த பல ஊர்களில் யாரோ ஒருவர் துணியைக் கிள்ளிக் கட்டிப் பார்த்திருக்கிறார். ஹிப்பிகள் இந்த வரிசையில் மிகவும் பின்னால் வந்தவர்கள்.

பாணர் காட்டும் கல்யாண வீடு

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் வடமொழியில் எழுதிய 'ஹர்ஷசரிதம்', மன்னர் ஹர்ஷரின் வரலாற்றைச் சொல்லும் நூல். அதில் ஹர்ஷரின் தங்கை ராஜ்யஸ்ரீயின் திருமண ஏற்பாடுகள் விரிவாக வருகின்றன. அரண்மனை முழுவதும் ஒரே பரபரப்பு. அந்தப் பரபரப்புக்கு நடுவே துணி கட்டும் வேலையும் நடக்கிறது. சில துணிகள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. சில கட்டி முடிந்துவிட்டன. சில சாயத்தில் தோய்கின்றன. கட்டுகிறவர்கள் யார்? பலவகை வடிவங்களைக் கட்டுவதில் கைதேர்ந்த, ஊரின் மூத்த சுமங்கலிப் பெண்கள்.

இந்த ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே இது பெண்களின் கைவேலையாக இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் முறுக்குச் சுற்ற மூத்த பெண்களைக் கூப்பிடுவோமே, அதுபோல முடிச்சு போடவும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் இதற்குப் 'பாந்தனி' என்று பெயர். கட்டுதல் என்பதுதான் பொருள். ஆங்கிலத்தில் தலைக்குக் கட்டும் புள்ளிக் கைக்குட்டைக்குப் 'பந்தானா' என்ற பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். கட்சுப் பகுதியில் கத்ரி சமூகத்தினர் இந்தத் தொழிலில் பெயர்பெற்றவர்கள். சாயம் போடுவது பட்டறையில் நடக்கும். முடிச்சு கட்டுவது பெரும்பாலும் வீடுகளில், பெண்கள் கையில். சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, அதன் நுனியால் துணியைத் தூக்கிப் பிடித்துக் கட்டுவார்கள். கூலி முடிச்சுக் கணக்கில். நான்கு முடிச்சு சேர்ந்தது ஒரு 'கடி'. எத்தனை கடி கட்டினார்களோ அத்தனைக்குக் காசு.

மதுரைக்கு வந்த முடிச்சு

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட நெசவாளர் சமூகம், விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்து மதுரையில் குடியேறியது. சௌராஷ்டிரர் என்றும், முன்பு பட்டுநூல்காரர் என்றும் அழைக்கப்பட்டவர்கள். நாயக்க மன்னர்கள் அவர்களை ஆதரித்தார்கள். திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அவர்கள் அரண்மனையைச் சுற்றிய தெருக்களில் குடியிருந்தார்கள் என்பது அந்தச் சமூகத்தின் மரபு. இன்றும் மஹால் பகுதித் தெருக்களில் நடந்தால் சௌராஷ்டிர மொழி காதில் விழும். பழைய அரண்மனையின் மிச்சமான பத்துத்தூண் நிற்கும் சந்தில் இன்று வரிசையாகச் சேலைக் கடைகள்.

அவர்கள் கையில்தான் மதுரைச் சுங்குடி வளர்ந்தது. பாந்தனி பெரும்பாலும் பட்டிலும் மெல்லிய துணியிலும் மின்ன, சுங்குடி நம் வெயிலுக்கு ஏற்ற பருத்தியில் அமைந்தது. அகலமான கரை, உடல் முழுவதும் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள். நம்மில் பலருடைய பாட்டிமார் கோடைக்கென்று எடுத்துவைத்த சேலை அதுதான். புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைகளுக்குத் துணியிலும் புள்ளி வைப்பது அந்நியமாக இருந்திருக்காது.

நான் சிறுவயதில் மஹாலுக்குப் பின்னால் ஒரு தெருவில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அந்த வீட்டு அத்தை மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணைக்கு வந்துவிடுவார். மடித்த வெள்ளைத் துணி மடியில் இருக்கும். இடது கை ஒரு புள்ளியைக் கிள்ளித் தூக்கும். வலது கை நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றி இழுக்கும். நூலை அறுக்க மாட்டார்; அப்படியே அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார். எங்களோடு தமிழில் பேசுவார், உள்ளே இருப்பவர்களோடு சௌராஷ்டிரத்தில் பேசுவார். கை மட்டும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் நானும் கட்டுகிறேன் என்று அடம்பிடித்தேன். ஒரு துண்டுத் துணி கொடுத்தார். பத்து முடிச்சு போடுவதற்குள் விரல் சிவந்துவிட்டது. அவர் என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பார்த்தார். ஏழு அவிழ்ந்துவிட்டன. "இதுக்குக் கூலி கிடையாதுடா தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. தொட்டியில் அவிழ்ந்துபோகிற முடிச்சு வெள்ளைப் புள்ளியாக வராது. அப்படி வராத புள்ளிக்குக் கூலியும் வராது.

வேரில் இருந்த சிவப்பு

முடிச்சு ஒரு பாதி என்றால் சாயம் மறுபாதி. அந்தப் பாதி பலமுறை தலைகீழாக மாறியிருக்கிறது.

பழைய நாளில் தென்னாட்டுச் சிவப்பு வந்தது சாயவேரிலிருந்து. இம்பூறல் என்றும் சொல்லப்படும் சின்னஞ்சிறு செடி. கடற்கரை மணலில் ஆழமாக வேர்விடும். அந்த வேரில்தான் நிறம். பாக் நீரிணையின் இரு கரையிலும் அது கிடைத்தது. இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் சாயவேர் எடுப்பதை டச்சுக்காரர் அரசின் தனியுரிமையாகவே வைத்திருந்தார்கள். ஒரு வேருக்கு அவ்வளவு மதிப்பு.

வேரை அப்படியே கொதிக்கவைத்தால் பருத்தியில் நிறம் ஒட்டாது. எண்ணெயும் உவர்மண்ணும் கலந்த நீரில் திரும்பத் திரும்ப நனைத்துக் காயவைப்பது, கடுக்காய், படிகாரம் என்று பல படிகள் உண்டு. படிகாரம் இடையில் நின்று ஒரு கையால் பருத்தியையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகைத் தண்ணீரில் அலசினால்தான் மதுரைச் சிவப்பு பளிச்சென்று வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் சாயத்தின் நிறத்தை மாற்றக்கூடியவை என்பதால், அதை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாது.

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்று, தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் காலம் அங்கே தொடங்கியது. சாயவேரில் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புப் பொருளை ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் செயற்கையாக உருவாக்கினார்கள். 1869இல் அது காப்புரிமை பெற்றது. 1897இல் செயற்கை அவுரி நீலமும் சந்தைக்கு வந்தது. மணலைத் தோண்டி வேர் எடுத்தவர்களின் பிழைப்பு, அவர்கள் பார்த்தே இராத ஓர் ஆய்வுக்கூடத்தால் முடிவுக்கு வந்தது. மதுரைச் சாயப்பட்டறைகளும் டின்னில் வந்த சாயத்துக்கு மாறின.

சாயம் மாறிய பிறகும் முடிச்சு அப்படியே இருந்தது. வேர்ச்சாயம் பல நாள் வேலை. டின் சாயம் சில மணி நேர வேலை. முடிச்சு மட்டும் பாணர் காலத்தில் எத்தனை நேரம் பிடித்ததோ அத்தனை நேரம்தான் பிடித்தது. ஒரு விரல், ஒரு நூல், ஒரு புள்ளி. அதைக் குறுக்க வழியில்லை. அதனால் குறுக்க நினைத்தவர்கள் முடிச்சையே விட்டுவிட்டார்கள்.

முடிச்சு இல்லாத புள்ளி

அதை முதலில் பெரிய அளவில் செய்தது பிரிட்டன். வங்காளத்திலிருந்து கிழக்கிந்திய கம்பெனி ஏற்றுமதி செய்த பந்தானாக் கைக்குட்டைகளுக்கு ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஹென்றி மொன்டீத் நிறுவனம் அதற்கு ஒரு மாற்றுவழி வைத்திருந்தது. முழுச் சிவப்பாகச் சாயம் போட்ட பருத்தித் துணிகளை அடுக்கி, புள்ளி வடிவில் துளையிட்ட ஈயத் தகடுகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். துளை வழியாக வெளுப்புத் திரவத்தைப் பாய்ச்சுவார்கள். திரவம் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரே அழுத்தில் பல கைக்குட்டைகள் தயார். ஒரு முடிச்சுகூடத் தேவையில்லை.

மதுரையிலும் பிற்காலத்தில் அதே கதைதான், வேறு வழியில். மரக்கட்டையை உருக்கிய மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றிச் சாயம் போடும் முறை வந்தது. பிறகு ஸ்கிரீன் பிரின்ட் வந்தது. மெழுகு ஒற்றுவதும் கைத்தொழில்தான். அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி கையால் முடிச்சிட்டவை அல்ல. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப்பெயருக்குக் கிடைத்த மரியாதை. முடிச்சு கட்டும் கைகள் அதற்குள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மகள்களும் மருமகள்களும் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஒரு நாள் முழுவதும் குனிந்து கட்டி, கழுத்துவலியும் கண்வலியும் வாங்கி, கையில் வருவது சொற்பக் கூலி என்றால் எந்தத் தாய் மகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பாள்?

பல ஆண்டுகள் கழித்து மதுரை போனபோது அந்த அத்தைக்கென்று ஒரு சுங்குடிச் சேலை வாங்கிப் போனேன். கடைக்காரர் அசல் கைக்கட்டு என்று சொல்லி, விலையும் அதற்கேற்ற மாதிரி வாங்கிக்கொண்டார். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு துணியைத் திருப்பிப் பார்த்தார். புள்ளிமேல் விரலை ஓட்டினார். "புள்ளி நல்லாத்தான் இருக்கு. முடிச்சுதான் இல்ல" என்றார். பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று, அன்று மாலையே அதை உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போனார்.

அத்தை பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். கையால் கட்டிய துணியில் எந்த இரண்டு புள்ளியும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. நூல் இறுக்கிய இடம் சுருங்கி, விரலில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். இஸ்திரி போட்டால் அது மறைந்துபோகும் என்பதால்தான் பாந்தனியை முடிச்சு அவிழ்க்காமலேயே விற்கும் வழக்கமும் உண்டு. சாயம் துணி முழுவதும் ஊறியிருப்பதால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும். பிரின்ட் துணியில் உள்பக்கம் வெளிறித் தெரியும். மெழுகு ஒற்றியதில் இருபக்கமும் நிறம் இருந்தாலும், சுருக்கத்தின் மேடு இருக்காது.

அமெரிக்கா போய் வந்த கதை

ஹிப்பிகளை விட்டுவிடக் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் சார்லஸ் பெல்லூ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கட்டுச் சாயத்தை அமெரிக்கர்களுக்கு விளக்கிக் காட்டினார். அதைப் பெரிய மோகமாக்கியது 1960கள். கடைகளில் பொட்டலமாக விற்ற ரிட் என்ற வீட்டுச் சாயத்தை விற்றவர்கள், கலைஞர்களைப் பிடித்துக் கட்டுச் சாயத்தைப் பரப்பினார்கள். 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவுக்குப் பிறகு சுழல் போட்ட பனியன் அந்தத் தலைமுறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

வேதியியலும் கைகொடுத்தது. 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற சாய வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். கொதிக்கும் தொட்டி வேண்டாம். சாதாரணத் தண்ணீரும் சலவைச் சோடாவும் போதும். நம் பிள்ளைகள் மாடியில் வாளியை வைத்துக்கொண்டு வேலையை முடிக்க முடிந்தது இந்த வகைச் சாயத்தால்தான்.

அமெரிக்கர்கள் பெரிய சுழலையும் சூரியனையும் கட்டினார்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ரப்பர் பேண்டு போதும், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மதுரை அத்தை கட்டியது மிளகளவுப் புள்ளி, அதுவும் ஆயிரக்கணக்கில். முறை ஒன்றுதான். வேண்டிய பொறுமைதான் வேறு.

உங்கள் வீட்டில் செய்ய

இனி உங்கள் முறை. வேண்டியவை: ஒரு பழைய பருத்தி பனியன் அல்லது வேட்டித் துண்டு, தைக்கும் நூல், கொஞ்சம் துவரம்பருப்போ மிளகோ, ரப்பர் கையுறை, சாயம்.

துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்த துணியில் நிறம் வெளிறிப்போகும். புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள். பென்சிலால் புள்ளி வையுங்கள். துணிக்கு அடியில் ஒரு பருப்பை வைத்து, மேலே துணியோடு சேர்த்துக் கிள்ளி, கழுத்துப் பகுதியில் நூலை இறுக்கிச் சுற்றுங்கள். சிறுபிள்ளைகளுக்கு இது எளிது. கை பழகியபின் பருப்பு வேண்டியதில்லை.

கடைச் சாயம் என்றால், பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 40 முதல் 50 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, கட்டிய துணியைக் கால் மணி நேரம் ஊறவையுங்கள். ஆப்பச் சோடா இதற்கு உதவாது. பிழிந்தெடுத்துச் சாயத்தை ஊற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் குளிர்ந்த நீரில் அலசி, அவிழ்த்து, பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். சாயப் பொடியைக் கரைக்கும்போது முகக்கவசம் அவசியம். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

கடைச் சாயம் வேண்டாம் என்றால் வெங்காயச் சருகு இருக்கிறது. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். 100 கிராம் துணிக்குச் சுமார் 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் மறுபடி ஊறவையுங்கள். முடிச்சு போட்டு, சருகைக் கொதிக்கவைத்து வடித்த நீரில் மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் பொன்மஞ்சள் நிறம் வரும். மஞ்சள்தூளும் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் நிற்காது. மஞ்சள் போட்ட துணியைச் சோப்பில் நனைத்தால் சிவக்கும், பயப்படாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான்.

சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். முகாம் அன்று சிலர் மீதிச் சாயத்தை மாடியின் மழைநீர்க் குழாயில் ஊற்றிவிட்டார்கள். அந்தக் குழாய் நேரே நம் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. அங்கிருந்து நம் ஆழ்துளைக் கிணற்றுக்கு. சாயநீர் நிலத்தடிக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூரின் நொய்யலாற்றுப் படுகை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது. வழக்குப் பல ஆண்டு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நம் ஒரு வாளி அவ்வளவு பெரிய காரியம் இல்லைதான். இருந்தாலும் அதைக் குளியலறை வடிகாலில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள். மழைநீர்க் குழாயிலும் செடித்தொட்டியிலும் வேண்டாம்.

இப்போது எண்ணுங்கள்

இரண்டாவது பேச்சுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. பிரின்ட் கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்?

உங்கள் துணியில் நூறு முடிச்சு போடுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், நூலால், மிளகளவுக்கு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நூறுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் நன்றாகப் பழகி, ஒரு முடிச்சுக்கு 10 விநாடி என்ற நிலைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு சேலையில் 5,000 முடிச்சு என்றால் 50,000 விநாடி. ஏறத்தாழ 14 மணி நேரம், நிமிராமல், தண்ணீர் குடிக்காமல். உண்மையில் இரண்டு மூன்று நாள். நெருக்கமான வேலைப்பாட்டில் முடிச்சு இதைவிடப் பல மடங்கு. இதற்கு மேல்தான் துணி விலை, சாயம், தோய்ப்பவர் கூலி, கடை வாடகை எல்லாம் சேரவேண்டும். இனி ஒரு கடையில் அசல் கைக்கட்டுச் சுங்குடி என்று சொல்லி அடிமாட்டு விலை சொன்னால், ஒன்று அது கைக்கட்டு இல்லை, அல்லது கட்டியவருக்குக் காசு போகவில்லை. இரண்டில் எது என்று நீங்களே கேட்கலாம்.

பிரின்ட் சேலை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் வாங்குகிறேன். பிரின்ட்டை பிரின்ட் விலைக்கு, பிரின்ட் என்று தெரிந்தே வாங்குவோம். முடிச்சிட்ட சேலை கண்ணில் பட்டால், வசதி இருப்பவர்கள் பேரம் பேசாமல் வாங்குவோம். இந்த வித்தியாசத்தை அத்தை வாயால் சொல்லிக் கேட்டும் எனக்குப் பாதிதான் புரிந்தது. சென்ற மாதம் ஒரு பழைய வேட்டித் துண்டில் நானே நூறு முடிச்சு போட்ட பிறகுதான் மீதி புரிந்தது. எனக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. சாயத்தில் பதினாறு அவிழ்ந்துவிட்டன. அத்தை இருந்திருந்தால் எண்பத்து நான்குக்குத்தான் கூலி என்றிருப்பார்.

உங்கள் நூறு முடிச்சுத் துண்டுகளை அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கூட்ட அறையில் ஒரு கொடி கட்டி வைக்கிறோம். துண்டின் ஓரத்தில் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மட்டும் எழுதி வையுங்கள். பரிசு எதுவும் கிடையாது. குழந்தைகள் அந்த எண்களைக் கூட்டிப் பார்க்கட்டும். ஒரு சேலையின் கதை அவர்களுக்கே விளங்கிவிடும்.